அம்பது வந்தாச்சா?

கிட்டே போனால் இருட்டு. தள்ளி வந்தால் வெளிச்சம்.

படக்காரர் மூன்றாவது முறையாகக் கேமராவின் பின்புறத் திரையை நோக்கிக் குனிந்தார். முகம் நெருங்கியதும் திரை சட்டென்று கறுத்துப் போனது. நிமிர்ந்தார். பளிச்சென்று ஒளிர்ந்தது. ஆனால் நிமிர்ந்த இடத்திலிருந்து பார்த்தால், மூலையில் இருந்த எண் கலங்கிய தண்ணீரில் கிடக்கும் கடுகு மாதிரி இருந்தது.

"என்னண்ணே, குனியறீங்க, நிமிர்றீங்க? தேகப்பயிற்சியா?" என்று கேட்டாள் முக்காலியில் உட்கார்ந்திருந்த பெண்.

"புதுக் கேமரா தங்கச்சி. கொஞ்சம் கூச்ச சுபாவம். பழகணும்."

அந்தப் பெண் திங்கட்கிழமை பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையில் சேரப் போகிறாள். அடையாள அட்டைக்கு, கண்ணாடி போடாமல் ஒரு படம் வேண்டும். போன வாரமே வந்து எடுத்துக்கொண்டு போனாள். இன்று அதே படத்தோடு திரும்பி வந்துவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. ஆபீஸ்ல இதைப் பார்த்துட்டு, 'மூக்கு வந்து சேர்ந்துடுச்சு, நீங்க எப்ப வருவீங்க?'ன்னு கேட்டுட்டாங்க. சின்ன வயசுலேருந்து இந்த மூக்குக்குப் பயந்தே நான் படத்துக்கு நிக்கிறதில்லை. இந்த அட்டையை தினமும் கழுத்துல மாட்டணுமே."

படக்காரருக்குச் சுருக்கென்றது. தப்பு மூக்கின் மேல் இல்லை, தன் மேல்தான் என்று அவருக்குத் தெரியும். லென்ஸை இருபதில் வைத்துக்கொண்டு முகத்துக்குப் பக்கத்தில் போனால் யார் மூக்கும் முந்திக்கொண்டுதான் வரும். அதையே ஐம்பதில் வைத்துத் தள்ளி நின்று எடுத்தால் மூக்கு தன் இடத்தில் அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். குவியத்தூரம் என்று புத்தகத்தில் இருக்கும். தொழிலில் வெறும் எம்.எம்.தான்.

"இன்னைக்கு அம்பதுல எடுத்துத் தர்றேன் தங்கச்சி. இது என் வாக்கு."

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஐம்பதை எங்கே போய்ப் பார்ப்பது?

பழைய கேமராவில் லென்ஸின் கழுத்திலேயே எண் பொறித்திருக்கும். இருபத்திரண்டு வருடம் பழகிய விரலுக்கு அதைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. அது செத்துப் போனதும் மனைவி ஆசையாக வாங்கித் தந்தது மிரர்லெஸ் என்கிற இந்தப் புது மாதிரிக் கேமரா. இதன் லென்ஸ் மொழுமொழுவென்று இருந்தது, ஓர் எண் கிடையாது. பொத்தானை நகர்த்தினால் லென்ஸ் தானே நீளும், சுருங்கும். எம்.எம். திரையில் மட்டும்தான் தெரியும்.

நான்கு மாதமாகக் கிட்டத்து எழுத்தெல்லாம் அவர் கண்ணுக்கு நீந்திக்கொண்டிருந்தது. இது யாருக்கும் தெரியாது. உள்ளறையில் படங்களை அச்செடுக்கும் மனைவிக்கும் சொல்லவில்லை. கண் மங்கிய படக்காரனிடம் யார் வந்து முகத்தைக் கொடுப்பார்கள்?

"இங்க பாரும்மா, அந்தக் கேமரா புஸ்தகத்துல எம்.எம். எப்படிப் பார்க்கிறதுன்னு படி. என் கை வேலையா இருக்கு" என்றார் உள்ளறைப் பக்கம் திரும்பி, சும்மா இருந்த இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு.

"டிஸ்பிளே பொத்தானை அழுத்தினா தகவல் மாறுமாம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அழுத்தினார். திரை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். அந்தப் பெண் ஜெயில் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் போல் ஆனாள். இன்னொரு முறை அழுத்தினார். கோடுகள் போயின. போகும்போது எண்ணையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டன. மேலும் இரண்டு அழுத்து அழுத்தியபின் கடுகு திரும்பி வந்தது.

பக்கவாட்டில் பதுங்கிப் போய் எட்டிப் பார்த்தார். முழங்கை பட்டு லென்ஸ் விர்ரென்று சுருங்கியது. அப்போதுதான் திரைக்கு மேலே கறுப்பாக ஒரு குட்டி ஜன்னல் கண்ணில் பட்டது. 'முகம் வந்தா இருட்டாக்குற உளவாளி இவன்தானா!' ஒரு துண்டு டேப்பை எடுத்து அதன் மேல் அழுத்தி ஒட்டினார்.

திரை அணைந்தது. தள்ளிப் போய் நின்றாலும் வரவில்லை. உளவாளி, டேப்பையே முகம் என்று நம்பிவிட்டான்.

"கேமராவுக்கு அடி கிடி பட்டுடுச்சாண்ணே?" என்று அவள் கவலையோடு கேட்டாள். விளக்கின் மேல் விரித்திருந்த வெள்ளைக் குடையைப் பார்த்தே அவள் பேசிக்கொண்டிருந்தாள். நேரே பார்க்கக் கூச்சம், பாவம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நகத்தால் டேப்பைச் சுரண்டி எடுக்கும்போது விரல் மாட்டி, திரை கதவு போலத் திறந்துகொண்டது. திருப்பினால் திரும்பியது, எதிரில் இருப்பவர் பக்கமே. அவருக்கு உயிர் வந்தது.

"தங்கச்சி, ஒரு உதவி. நான் லென்ஸை நகர்த்துறேன். திரையில ஓரமா எண் ஓடும். அம்பது வந்ததும் சொல்லுங்க. எனக்கு... இந்தப் பக்கம் வெளிச்சம் கூசுது."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "சரிண்ணே."

"அம்பது வந்தாச்சா?"

"ம்... இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"கிட்ட வந்துடுச்சு."

"அம்பதுதான் வேணும் தங்கச்சி. அம்பது வந்தாத்தான் எனக்கு நிம்மதி."

"ஆங், அம்பது! அம்பதேதான்!"

எந்தப் படத்துக்கும் முன்னால் அவர் மனதுக்குள் சொல்லும் ஒரு வேண்டுதல் உண்டு. ஆண்டவனே, இந்த முகத்துக்கு உரியவர் இதைப் பார்த்துச் சந்தோஷப்படணும். சொன்னார். அழுத்தினார். அவள் குடையைப் பார்த்து அழகாகச் சிரித்தாள்.

"சரியா வரலைன்னா மறுபடி எடுக்கணும், அப்படியே இருங்க" என்று சொல்லி, கேமராவின் மெமரி கார்டைக் கழற்றி உள்ளே மனைவியிடம் கொடுத்தார்.

மனைவி அச்செடுத்த படத்தோடு வந்தாள். மூக்கு அதன் இடத்தில் சாதுவாக இருந்தது. சிரிப்புதான் முன்னால் வந்திருந்தது.

"எத்தனைல எடுத்தீங்க?"

"அம்பது!" என்றார் பெருமையாக. "அவங்களே பார்த்துச் சொன்னாங்க."

"கம்ப்யூட்டர்ல எழுபத்தொண்ணுன்னு காட்டுதே?"

படக்காரரின் முகம் தொங்கிப் போனது. ஒரு பொய்யை எவ்வளவு நேரம்தான் தூக்கிக்கொண்டு நிற்பது?

"தப்பு என்மேலதான் தங்கச்சி. எனக்குக் கிட்டத்துல எழுத்து தெரியலை. நாலு மாசமாச்சு. அதான் உங்களைப் படிக்கச் சொன்னேன். நீங்க வேற எண்ணைப் பார்த்துட்டீங்க போல. உங்களையும் குழப்பிட்டேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மனைவி மெதுவாக. "டப்பா மேல எழுதினதைப் படிக்காம, உப்பா சர்க்கரையான்னு நீங்க நக்கிப் பார்க்கும்போதே நினைச்சேன். நாளைக்கே போய்க் கண்ணைக் காட்டிடலாம்."

அந்தப் பெண் கைப்பைக்குள் துழாவித் தன் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். படத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தாள். கண் லேசாகக் கலங்கியது. பிறகு குடையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் குடையைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கோங்கண்ணே, கண்ணாடியைக் கழட்டிட்டா எனக்கு நீங்க யாரு, குடை யாருன்னே தெரியாது, அம்பது அம்பதுன்னு தவிச்சீங்களா, மனசு கேக்காம வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன்."