ஆன்ஸ் போல் அலைக்கு ஒஸ்மண்ட் போட்ட நிபந்தனை

அன்புள்ள மருமகன் கெர்வினுக்கு,

டொமினிக்கா தீவு, ஆன்ஸ் போல் கிராமத்திலிருந்து உன் மாமன் ப்ராஸ்பர் எழுதிக்கொள்வது. பார்படோசில் நீயும் உன் அம்மாவும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். என் அக்காளின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று சொல்வதற்கில்லை. தொலைபேசியில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்பதால், புதன்கிழமை விமானத்தில் அங்கே வரும் பாதிரியாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே, நிறையப் பேரிடம் சொன்னேன். "யாரும் போகாத ஊராகத் தேடுகிறோம் மாமா, பிப்ரவரியில் ஐந்து நண்பர்களோடு அலைச்சறுக்க வருகிறேன், ஏற்பாடு பண்ணுங்கள்" என்று நீ எழுதியதும் இரண்டு அறைக்கும் வெள்ளையடித்து, உங்கள் பலகைகளைச் சாத்திவைக்க ஒரு கொட்டகையும் போட்டு நிமிர்கிறேன், உன் அடுத்த செய்தி வருகிறது. நண்பர்கள் தயங்குகிறார்களாம். அலையின் படம் வேண்டுமாம். அடியில் பாறையா மணலா, முள்ளெலி போல் ஏதோ கடலில் இருக்குமாமே அது உண்டா, காலையில் காப்பி கிடைக்குமா. வெள்ளிக்கிழமைக்குள் சரியான பதில் இல்லையென்றால் டொபேகோவுக்குப் போய்விடுவார்களாம்! கெர்வின், எங்கள் அலைக்கே படம் கேட்கிறாயா? அது முனையில் எழுந்தால், கரைக்கு வந்து சேர்வதற்குள் ஒருவன் அதன்மேல் நின்றபடியே நான்கு உப்புமீன் வடை தின்று கையும் துடைத்துக்கொள்ளலாம். இருபது வயதில் நானே வீட்டு வாசல் கதவைக் கழற்றிக்கொண்டு போய் ஏறியிருக்கிறேன். மூன்று நாள் எங்கள் வீட்டுக்குக் கதவு கிடையாது, உன் அம்மாவைக் கேள்.

ஆனால் என் வயிற்றெரிச்சல் அதைப் பற்றியது அல்ல, ஒஸ்மண்டைப் பற்றியது. இந்தக் குடாவில் பதினைந்து படகு. மீனவர்களுக்குத் தலைவன் அவன். அவன் தலையை ஆட்டினால்தான் எந்தப் பலகையும் தண்ணீரைத் தொடும். சனிக்கிழமை மத்தியானம் யூடாக்ஸி அக்காவின் ரம் கடைக்குப் போய் முறைப்படி அவனிடம் சொன்னேன்.

"ஆறு பேரா? எதுக்கு வர்றானுங்க?"

"அலை மேல நிக்க."

"எந்த அலை?"

"நம்ம அலைதான்யா. பிப்ரவரியில வடக்கேருந்து கள்ளக்கடல் வருமே, அது."

கடையில் டோமினோக் காய் வைக்கிற சத்தம் அப்படியே நின்றது. காற்றே இல்லாத தெளிந்த நாளில், எங்கோ அடித்த புயலின் மிச்சமாய் வந்து படகுகளை நொறுக்கிப் போடுகிற கடல் அல்லவா அது! அது வரக் கூடாது என்று ஊரே மெழுகுவர்த்தி ஏற்றுகிறது. வந்தே தீர வேண்டும் என்று நீங்கள் மூட்டை கட்டுகிறீர்கள்.

"எழவு வீட்டுக்கு ஆட வர்ற மாதிரில்ல இருக்கு! உன் மருமவனுக்கு வேற பொழப்பில்லையா ப்ராஸ்பரு?" என்றாள் யூடாக்ஸி அக்கா.

"அவன் பார்படோசுலயே முதல் ஆளு அக்கா. அவன் எறங்கினா அலையே ஒதுங்கி வழிவிடும்!"

"வழிவிட்டுட்டா அப்புறம் எதுமேல நிப்பான்?"

எல்லாரும் சிரித்தார்கள். உனக்காக நான் பட்ட அவமானம் இது. அதோடு விட்டேனா? மறுநாள் கோயிலில் எல்லாரும் கடல் அடங்கியிருக்க மன்றாடியபோது நான் எழுந்து, படகுக்கும் சேதமில்லாமல் பிள்ளைகளுக்கும் ஏமாற்றமில்லாமல் இடுப்பளவு அலை போதும் ஆண்டவரே என்று சத்தமாகவே கேட்டேன். பாதிரியார் புத்தகத்தில் பக்கத்தைத் தவறவிட்டார். பின்வரிசையிலிருந்து, "உக்காருய்யா, கடல்ல அளவு எடுக்கிற தையல்காரா!" என்று ஒரு குரல்.

திங்கட்கிழமை கரையில் ஒஸ்மண்ட் நீதிபதி மாதிரி கையை உயர்த்தித் தீர்ப்பு சொன்னான். "வரட்டும். ஆனா கள்ளக்கடல் வர்ற அன்னிக்கு முதல்ல தோள் குடுக்கணும். படகு மேட்டுக்கு ஏறின பொறவுதான் பலகை தண்ணியில." உருளைக் கட்டைமேல் ஏற்றிக் கயிறு கட்டி இழுக்க வேண்டுமாம். ஆறு பேரும் பிப்ரவரி முதல் வாரமே வந்துவிட வேண்டுமாம், ஒருநாள்கூடத் தள்ளக் கூடாதாம். அதிலும் முதலில் இழுக்க வேண்டியது என் படகைத்தானாம்! வேண்டாம் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. "விருந்தாளியப் புடிச்சு வேலை வாங்குறியே, வெக்கமா இல்ல?" என்று கடலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அவன் முகம் செத்துவிட்டது. ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதான். என்ன மனுஷன் இவன்! இரக்கம் இல்லை, நாகரிகம் இல்லை.

ஆகவே நண்பர்களிடம் பக்குவமாகச் சொல். தோளுக்கு நல்ல பயிற்சி. இழுக்கும்போது பாட்டு உண்டு, இழுத்த பிறகு யூடாக்ஸி அக்காவின் மீன் ரசம் உண்டு. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் மணல். நீ கேட்ட கடல் முள்ளெலி நிறைய இருக்கிறது, ஆனால் அதுவாக வந்து குத்தாது. காப்பி வீட்டுக்குப் பின்னாலேயே காய்க்கிறது.

அக்காளுக்கு என் அன்பு. உங்கள் ஆறு பேருடைய எலும்புகளையும் பலகைகளையும் கடல் காத்த மாதா முழுசாக வைத்திருக்கட்டும்.

உன் தாய்மாமன்,
ப்ராஸ்பர்

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்க இதை யூடாக்ஸி அக்காவிடம் கொடுத்தது தப்பாகிவிட்டது. "ஒஸ்மண்டு எப்ப இப்படிச் சொன்னான்? நீயே சொல்றியா, நான் எழுதட்டுமா?" என்கிறாள். நானே சொல்கிறேன். அவன் நிபந்தனை எதுவும் போடவில்லை. "கடல் எவன் அப்பன் வீட்டுச் சொத்து? வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் காய் வைக்கப் போய்விட்டான். மற்றவர்கள் படகை இழுக்க அவரவருக்கு ஆள் இருக்கிறது. என்னோடு இழுத்த நான்கு பேரும் வேலைக்கென்று பக்கத்துத் தீவான குவாதலூப்புக்குப் போய்விட்டார்கள். ஒஸ்மண்டைக் கூப்பிட்டால் வருவான்தான். ஆனால் என் படகை நான் ஒற்றை ஆளாக ஏற்றிவிடுவேன் என்று பல வருடமாக அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல், கெர்வின். அலை நிஜம்.