லவீனாவின் மெத்தைத் துணியும் என் முக்கால் அங்குலத் துப்பாக்கியும்

ஒஹாயோ,
அக்டோபர், ஞாயிறு மதியம்.

பாசமுள்ள மைத்துனர் எமரிக்கு,

டெல்பர்ட் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா லவீனாவும் இரண்டு பசுக்களும் நலம். கொட்டகைக் கூரை மட்டும் நலமில்லை. இண்டியானாவில் நீயும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சோளம் எப்படி விளைந்தது என்று நான் விசாரித்ததாகவும், நீ பதில் சொன்னதாகவும் வைத்துக்கொள். எனக்கு அவசரம்.

விஷயம் இதுதான். உன் அக்கா உனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறாள். "வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை லாரியை எடுத்துட்டு வந்து இந்த மனுஷனோட துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போயிடுடா" என்று எழுதினேன் என்று அவளே என்னிடம் வந்து சொன்னாள், அதுவும் சிரித்துக்கொண்டே. மச்சான், தயவுசெய்து வராதே. நடந்தது முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் நீயே நியாயம் சொல்.

போன வருஷம் நாட்டுக்கு இருநூறு வயசு ஆனாலும் ஆச்சு, நம்ம ஊரில் ஆளாளுக்குச் சுதந்திரப் போர்க் காலத்து முக்கோணத் தொப்பி வைத்துக்கொண்டு திரிந்தது உனக்குத் தெரியும். நானும் ஒரு துப்பாக்கி வாங்கினேன். அந்தக் காலத்துப் பட்டாளத்தான் தூக்கினானே, வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் இடிக்கிற நீளத் துப்பாக்கி, அதே மாதிரி புதுசாகச் செய்தது. குழல் வாய் முக்கால் அங்குலம் என்று போட்டிருந்தான். சரி என்று நானும் முக்கால் அங்குல ஈயக் குண்டு ஒரு பெட்டி வரவழைத்தேன். சிரிக்காதே. முக்கால் அங்குல ஓட்டைக்கு முக்கால் அங்குலக் குண்டு, இதில் என்ன தப்பு என்று நீயும் கேட்டிருப்பாய். பாட்டில் வாயில் அவித்த முட்டை உட்கார்ந்த மாதிரி குண்டு குழல் வாயில் உட்கார்ந்துகொண்டது. உள்ளேயும் போகலை, வெளியேயும் வரலை. எங்க துப்பாக்கி சுடுகிற சங்கத்துத் தலைவன் தர்லோ வந்து பார்த்துவிட்டு, "டெல்பர்ட்டு, இதுக்கு நீ ஒரு கார்க் வாங்கி மூடியிருக்கலாமே, விலை கம்மிய்யா" என்றான். மைதானமே சிரித்தது. அதிலேயும் உன் அக்கா சிரிப்புதான் தனியாகக் கேட்டது.

தர்லோவே ஒரு யோசனையும் சொன்னான். "பட்டாளத்துல யாரும் இறுக்கமா போடல. குண்டு சின்னதா, லொடலொடன்னு இருக்கும். காகிதத்தோட சேர்த்து இடி, அது பிடிச்சுக்கும்." நல்ல யோசனைதான். சின்னக் குண்டு வாங்கியாச்சு. போட்ட உடனே 'சொய்ங்'னு அடி வரைக்கும் போச்சு பாரு, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! சந்தோஷத்துல காகிதத்தை மறந்துட்டேன். தோள்ல வச்சேன், குறி பார்த்தேன், பலகை கொஞ்சம் கீழே இருக்கேன்னு குழலைத் தாழ்த்துனேன். பின்னால நின்னவங்க எல்லாம் கசமுசன்னு பேசுறாங்க. நம்ம நிக்கிற அழகைத்தான் பேசுறாங்கன்னு நினைச்சு விசையை இழுத்தேன். டமார்! ஒரே புகை. "பட்டுச்சா, பட்டுச்சா?"ன்னு கத்துறேன். தர்லோ வந்து என் காலடியில கிடந்த குண்டை எடுத்து என் உள்ளங்கையில வச்சு, "ரொம்பப் பத்திரமா இருக்கு, கவலைப்படாத"ன்னான். சுடுறதுக்கு முன்னாடியே அது குழலை விட்டு உருண்டு விழுந்திருக்கு! "ஏங்க, சும்மா சத்தம்தான் வேணும்னா வீட்டுல தகர வாளி இருக்கே"ன்னு உன் அக்கா அங்கேயே கேட்டா.

ரோஷம் வராதா மச்சான்? பெரிய குண்டும் ஆகாது, சின்னக் குண்டும் ஆகாது. சரி, பெரிசுக்கு ஒரு மயிரிழை குறைவா வாங்கி, துணியில சுத்திப் போடுறதுன்னு முடிவு பண்ணேன். துணி கெட்டியா இருக்கணும்னாங்க. வீட்டுல கெட்டித் துணின்னா மெத்தை தைக்க உன் அக்கா வாங்கி வச்ச நீலக்கோடு போட்ட துணிதான். ஓரத்துலதான் வெட்டுனேன், சத்தியமா. அப்புறம் இன்னொரு ஓரம். அப்புறம் பார்த்தா நாலு பக்கமும் ஓரமாத்தானே இருக்கு! போன வாரப் போட்டியில முதல் குண்டு பலகை நடுவுல போய்ப் பட்டுச்சு. ரெண்டாவது குண்டை முக்கி முனகி இறக்குனேன். மூணாவது, குழல்ல கரி ஏறிடுச்சு பாரு, பாதி வழியில நின்னுடுச்சு. மேலேயும் வரல, கீழேயும் போகல. தர்லோ போட்டியை நிறுத்திட்டான். மருந்து நனையத் தண்ணிய ஊத்தி, துப்பாக்கிய மேப்பிள் மரத்துல கட்டி, கம்பி முனையில திருகாணி மாட்டிக் குண்டுல ஏத்தி, நானும் அவனும் கயிறு இழுக்கிற மாதிரி இழுத்தோம். இழுத்தோம், இழுத்தோம், திடீர்னு விட்டுச்சு! நான் புல்லுல விழுந்தேன். தர்லோ போய் உட்கார்ந்தது சாப்பாட்டு மேசைமேல. மேசைமேல இருந்தது உன் அக்கா விடியக்காலம் எழுந்து ஆப்பிளை மாவுல பொதிஞ்சு சுட்ட பலகாரம். வெளிய வந்த குண்டை அவ எடுத்துப் பார்த்தா. அதுல ஒட்டியிருந்த நீலக்கோட்டைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. அன்னைக்கு ராத்திரிதான் உனக்குக் கடிதாசி எழுதியிருக்கா.

இப்பக் கேளு, நேத்து நடந்ததை. சங்கத்துல புருஷன் பெண்டாட்டி ஜோடிப் போட்டி. ஒரே துப்பாக்கி, மாத்தி மாத்திச் சுடணும், தொங்கவிட்ட இரும்பு வாணலிய அடிக்கணும். போன வருஷம் நாங்கதான் கடைசி. "இதுதான் இந்தச் சனியனுக்குக் கடைசி நாள், அதனால வர்றேன்"னு சொல்லித்தான் அவ வண்டியில ஏறுனா. எனக்கு நெஞ்சு கனத்துப் போச்சு மச்சான், பொய் சொல்லல. அங்க நான் குண்டுப் பெட்டிகளை வச்சுக்கிட்டு முழிக்கிறேன். உன் அக்கா பார்த்துக்கிட்டே இருந்தா. பொறுக்க முடியாம வந்துட்டா.

"ஏங்க, மாசக்கணக்கா குழலை அளக்குறீங்க, குண்டை அளக்குறீங்க. துணிய எவனாவது அளந்தீங்களா?"

"துணிய எதுக்குடி அளக்கணும்?"

"குண்டைச் சுத்தித்தானே துணி போகுது? அப்ப இந்தப் பக்கம் ஒரு தடிமன், அந்தப் பக்கம் ஒரு தடிமன். கரி வேற படியும், அதுக்கும் கொஞ்சம் இடம் விடணும். உள்பாவாடை போட்டுக்கிட்டு கவுனுக்கு அளவு எடுத்தா அதையும் சேர்த்துத்தானே எடுப்போம்?"

தர்லோ குண்டுப் பெட்டிகளை அவ பக்கம் தள்ளிவிட்டான். அவ எல்லாப் பெட்டியையும் கிளறி நடுத்தரமா ஒரு குண்டை எடுத்தா. "மெல்லிசா துணி வேணுமே"ன்னு சுத்திமுத்திப் பார்த்து, நான் போட்டிருந்த, சர்ச்சுக்குப் போற நல்ல சட்டை வாலைக் கத்தரியால கரக்குன்னு வெட்டுனா! கொழுப்பைத் தடவி, குண்டை வச்சு, கட்டை விரலால அமுக்குனா பாரு, வெண்ணெய்யில கத்தி இறங்குன மாதிரி இறங்குச்சு. கம்பி போட்டா மூச்சு வாங்காம அடி வரைக்கும் போச்சு. நான் சுட்டேன். டங்! என் வாழ்நாள்ல இவ்வளவு நல்ல சத்தம் கேட்டதில்ல. அவ சுட்டா. டங்! அப்புறம் எத்தனை தடவை இடிச்சாலும் எங்கேயும் நிக்கல. ரெண்டு டங்கு எனக்கு, மீதி எல்லா டங்கும் அவளுக்கு. ஜெயிச்சிட்டோம் மச்சான்! புகை போட்ட பன்னித் தொடை பரிசு. அவ என் கழுத்தைக் கட்டிக்கிட்டு குதிச்சா. மூஞ்சியெல்லாம் கரி, பல்லு மட்டும் வெள்ளை. கல்யாணத்தன்னைக்குக் கூட அவளை இவ்வளவு அழகா நான் பார்த்ததில்ல.

வண்டியில வரும்போது, "துப்பாக்கி வீட்டுலயே இருக்கட்டும்"னு அவளே தன் வாயால சொல்லிட்டா. அதனாலதான் அவசரமாக எழுதுகிறேன். லாரியை எடுக்காதே. உன் அக்காவின் பழைய கடிதத்தை அடுப்பில் போடு. இந்த வீட்டில் இனி எனக்கும் என் துப்பாக்கிக்கும் ஒரு குறையும் இல்லை.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் உன் கோழிகளையும் காப்பாராக. குழந்தைகளுக்கு என் முத்தங்கள். உன் மாமியாருக்கும் விசாரிப்பு, அவர் கேட்டால் மட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
டெல்பர்ட்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது கொட்டகைக்குப் பின்னாலிருந்து டமார் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் லவீனா. "ஏய், என் துப்பாக்கியக் குடு"ன்னேன். இடிக்கிறதை நிறுத்தாமலே, "துப்பாக்கி வீட்டுல இருக்கட்டும்னுதானே சொன்னேன்? இருக்கு. உங்களோடதுன்னு யாரு சொன்னா?"ன்னுட்டா. ஆகவே மச்சான், மேலே எழுதியதை விட்டுத்தள்ளு. சனிக்கிழமை கண்டிப்பாக லாரியோடு வா. வரும்போது உன் பரணில் சும்மா கிடக்கிறதே, அந்தத் துப்பாக்கியை எனக்குக் கொண்டு வா. குண்டு மட்டும் நீயாக வாங்கிவிடாதே. எந்த அளவு என்று உன் அக்காவைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.