பெரிய கிளாக்கரோட மீனும் எங்க மாமாவோட கெணறும்

எனக்கு வந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஆறு மீனைப் பத்து நாளைக்கு உசுரோட வச்சிருக்கணும்.

அறுபதுகளோட கடைசி அது. மாத்தளைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசுல நான் சின்ன கிளாக்கர். எனக்கு மேல பெரிய கிளாக்கர். அவரு வீட்டு முன்னறையில ஒரு கண்ணாடித் தொட்டி, அதுக்குள்ள தோட்டத்து ஓடையில புடிச்ச ஆறு மீனு. சிங்களத்துல அதுக்குப் பேரு புலத் ஹபயா. வெத்தல சப்புறவன்னு அர்த்தம். ஆண் மீனுக்குத் தலைப்பக்கம் பூரா வெத்தல போட்ட வாய் மாதிரி செவந்திருக்கும்.

பெரிய கிளாக்கர் மகளோட பிரசவத்துக்கு மட்டக்களப்புக்குப் போறாரு. அந்த நேரம் பாத்து அவரு குவாட்டர்ஸுக்கு வெள்ளையடிக்க ஆள் வருது. என்னைக் கூப்புட்டாரு.

"தம்பி, தொட்டிய ஒங்க வீட்டுக்குக் கொண்டு போ. இந்தச் செவப்பு கொறையாமப் பாத்துக்க. நல்ல தண்ணியா ஊத்து."

"சரிங்கையா."

"அந்தக் காலி குவாட்டர்ஸுக்கு நீயும் கேட்டிருக்கே, ஸ்டோர் கிளாக்கரும் கேட்டிருக்காரு. யாருக்குன்னு சொல்ற பொறுப்பைத் தொரை எங்கிட்ட விட்டுட்டாரு. நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன்."

எதைப் பாத்துட்டுன்னு அவரு சொல்லல. எனக்குப் புரிஞ்சு போச்சு.

அந்தக் குவாட்டர்ஸ் எனக்கு உசுரு மாதிரி. ஏன்னா நான் மாமனார் வீட்டோட மாப்புள. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறோம்னு சொன்னது, மூணு வருசம் ஆகிப்போச்சு. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு டவுன்லருந்து மலைக்குப் பஸ் ஏறணும். அதுகூடப் பரவால்ல. எங்க மாமா நல்லவரு, ஆனா நான் எத்தனை வாளி ஊத்திக் குளிக்கிறேன்னு முத்தத்துல நின்னு எண்ணுவாரு.

அந்தக் கெணறு அவரு சொந்தக் கையால வெட்டின கெணறு. ரயில்வேயில வேல பாத்துக்கிட்டே, லீவு நாள்ல எல்லாம் எறங்கிப் பாறைய ஒடச்சு வெட்டினாராம். யாரு வீட்டுக்கு வந்தாலும் மொதல்ல ஒரு கிளாஸ் தண்ணி குடுப்பாரு. குடிச்சு முடிக்கிற வரைக்கும் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பாரு. "எப்புடி?"ம்பாரு. நல்லா இருக்குன்னு சொல்லாம யாரும் வீட்டுக்குள்ள வந்ததில்ல.

தொட்டிய தோட்டத்து லொறியில ஏத்தி, மடியில வச்சுக்கிட்டு எறங்கினேன். ஒவ்வொரு வளைவுலயும் கொஞ்சம் கொஞ்சமா என் கால்சட்டையில கொட்டுச்சு. வீட்டுக்கு வந்து பாத்தா ஓடைத் தண்ணி கால்வாசிகூட இல்ல. ஆறு மீனும் படுத்துத் தூங்க எடம் பாத்துக்கிட்டிருக்கு!

மாமா ஓடி வந்தாரு.

"மாப்புளே, எதுக்குக் கவலப்படுறீங்க? நம்ம கெணறு இருக்கே!"

ரெண்டு வாளி எறச்சு, அவரே விளிம்பு வரைக்கும் ஊத்தினாரு. ஊத்திட்டு மீனுங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னாரு.

நானும் சும்மா இருந்திருக்கலாம். பெரிய கிளாக்கர் மனசுல எடம் புடிக்கணுமே! எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு சுண்ணாம்புக் காளவாய் இருந்துச்சு. அங்க போய், சுடுறதுக்குக் குவிச்சு வச்சிருந்த கல்லுல பளபளன்னு வெள்ளையா இருந்ததாப் பொறுக்கி ஒரு வாளி கொண்டு வந்தேன். கழுவித் தொட்டிக்குள்ள அழகா அடுக்கினேன்.

பிலோமினா, என் பெஞ்சாதி, எட்டிப் பாத்தா.

"நல்லாத்தான் இருக்கு. கல்லறை மாதிரி."

மூணாவது நாள் மீனோட செவப்பு போயிருச்சு.

வெளுத்துப்போய் ஒரு மூலையில ஒண்ணா நிக்குதுங்க. வாய மேல தூக்கித் தூக்கி மூச்சு வாங்குதுங்க. கண்ணாடியில தண்ணி நிக்கிற எடத்துல வெள்ளையா ஒரு கோடு வேற. ஸ்டோர் கிளாக்கர் என் குவாட்டர்ஸுல கட்டில் போடுறது கண்ணுக்கு முன்னால தெரியுது.

"மலைக்கு ஏங்குதுங்க மாப்புளே," மாமா சொன்னாரு. "இன்னும் ரெண்டு வாளி புதுத் தண்ணி ஊத்துவோம்."

ஊத்தினோம். இன்னும் வெளுத்துச்சு.

வெள்ளிக்கிழம வயித்து வலின்னு ஆபீசுக்குச் சொல்லி அனுப்பிட்டு, பக்கத்து வீட்டு நஸீர் மாஸ்டரைக் கூட்டியாந்தேன். முஸ்லிம் ஸ்கூல்ல விஞ்ஞானம் படிப்பிக்கிறவரு. அவங்களுக்கு வெள்ளி லீவு. லிட்மஸ் கடதாசி, ரெண்டு வெறும் போத்தல், ஒரு துண்டு சவுக்காரம், எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுத்தான் வந்தாரு. நல்லவேளை, மாமா வெத்தல வாங்கக் கடைக்குப் போயிருந்தாரு, போனா கத பேசிட்டு அந்திக்குத்தான் வருவாரு.

செவப்புக் கடதாசியைத் தொட்டித் தண்ணியில முக்கினாரு. சட்டுன்னு நீலமாச்சு.

"பாருங்க தம்பி. தண்ணி புளிப்பா இல்லையான்னு அளக்குறதுக்குப் பி.எச்.னு ஒண்ணு இருக்கு. ஏழு நடு. ஏழுக்குக் கீழ போனா புளிப்பு, மேல போனா காரத்தன்ம. ஓடையில எலதழை ஊறிக் கெடக்கும், தண்ணி கொஞ்சம் புளிப்புப் பக்கம் நிக்கும். ஒங்க மீனு அதுல பொறந்தது. இது ஏழுக்கு மேல எங்கயோ நிக்குது."

"அப்ப புளிப்பாக்கினா சரியா மாஸ்டர்?"

"அவசரப்படாதீங்க. இது பாதிதான். இன்னொண்ணு இருக்கு, கடினத்தன்ம. அது வேற சங்கதி."

அந்த நேரம் பாத்து பள்ளிவாசல்ல பாங்கு சொன்னாங்க. மாஸ்டர் தொப்பிய எடுத்துத் தலையில வச்சாரு.

"ஜும்ஆ முடிஞ்சு வந்து மிச்சத்தச் சொல்றேன். அதுவரைக்கும் ஒண்ணும் செஞ்சிறாதீங்க."

ஒண்ணும் செய்யாம இருக்கிற ஆளா நான்? பாதி விளங்கினா போதும், மிச்சத்த நானே விளங்கிக்குவேன். ஆபீசுலயும் எனக்கு அந்தப் பேருதான்.

புளிப்புக்கு எங்க போறது? புளியப் போட்டா தண்ணி கலங்கும். தேசிக்காயப் புழிஞ்சா ஒரே வெத. அடுப்படிக்குள்ள பூந்தேன், பானையில மீன்கறிக்குப் போடுற கொறக்கா இருந்துச்சு. கறுப்பா, காஞ்சு, தொட்டு நாக்குல வச்சாலே கண்ணு சுருங்குற கொறக்கா. நாலு சொளையத் தொட்டிக்குள்ள போட்டேன்.

பிலோமினா வாசல்ல நின்னு பாத்தா.

"ஏங்க. மீனுக்குக் கொறக்கா போட்டாச்சு. மொளகும் உப்பும் எடுத்துத் தரவா? அடுப்பும் பத்தித்தான் இருக்கு."

"இது விஞ்ஞானம். ஒனக்குப் புரியாது."

"ஆமா. எங்க அம்மாவும் ஞாயித்துக்கிழம இந்த விஞ்ஞானம்தான் செய்வாங்க."

கொஞ்ச நேரத்துல, மாஸ்டர் வச்சுட்டுப் போன கடதாசிய முக்கினேன், செவந்துச்சு! வெள்ளைக் கல்லுலருந்து முத்து முத்தாக் குமிழி வேற கெளம்புது. மீனுங்க இங்கிட்டும் அங்கிட்டும் பாஞ்சுச்சு. "பாரு, வெளையாடுது!"ன்னு கத்தினேன்.

அரைமணி கழிச்சுத் திரும்ப முக்கினேன். நீலம்.

எனக்குக் கோவம் வந்துருச்சு. இன்னும் ஆறு சொளையப் போட்டேன். செவப்பு. திரும்ப நீலம். பானையத் தொட்டிக்குப் பக்கத்துலயே கொண்டாந்து வச்சுக்கிட்டேன். தண்ணி பழுப்பா வந்துச்சு. வீடு பூரா மீன்கறி வாசம், ஆனா உள்ள மீனு உசுரோட நீந்துது. அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். ஒரு மீனு மெதுவாச் சாஞ்சு, ஒருக்களிச்சுப் படுத்துருச்சு.

அப்பத்தான் மாஸ்டர் தொழுதுட்டு வந்தாரு. தொட்டியப் பாத்தாரு. பானையப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு.

"யா அல்லாஹ்! தம்பி, இந்தக் கல்லு எங்கருந்து வந்துச்சு?"

"காளவாய்லருந்து மாஸ்டர். அழகுக்கு."

அவரு தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

"நான் சொல்ல வந்த மிச்சம் இதுதான். நம்ம காலுக்குக் கீழ பூமி பூரா சுண்ணாம்புக் கல்லு. கெணத்துத் தண்ணியில அது கரைஞ்சு கெடக்கு. அதான் கடினத்தன்ம. நீங்க எவ்வளவு புளிப்பப் போட்டாலும் அந்தச் சுண்ணாம்பு குடிச்சிரும், பி.எச். திரும்ப மேல ஏறிரும். அது பத்தாதுன்னு நீங்க கல்லையே உள்ள வச்சிருக்கீங்க! மீனு கடினத் தண்ணியிலகூடக் கொஞ்ச நாள் சமாளிக்கும். அரைமணிக்கு ஒருக்கா இப்புடி மாறினா எது தாங்கும்?"

ஒரு போத்தல்ல கெணத்துத் தண்ணிய ஊத்தி, சவுக்காரத்தச் சீவிப் போட்டுக் குலுக்கினாரு. நுரையே இல்ல. தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளையா மெதந்துச்சு.

"இன்னொரு போத்தலுக்குக் கடினமில்லாத தண்ணி வேணும். மழத் தண்ணி இருந்தா காட்டலாம்."

"மழத் தண்ணிக்கு நான் எங்க மாஸ்டர் போவேன்?"

அடுப்படியில பிலோமினாவும் அவ அம்மாவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் மாமி வெளிய எட்டிப் பாத்து, மாமா வரலன்னு நிச்சயம் பண்ணிக்கிட்டு, என் கையப் புடிச்சு வெறகுக் கொட்டகைக்கு இழுத்துட்டுப் போனாங்க. மேல கெடந்த சாக்க வெலக்கினாங்க.

கூரை பீலிக்குக் கீழ ஒரு பெரிய பீப்பா. தளும்பத் தளும்ப மழத் தண்ணி!

"என்ன மாமி இது?"

"கத்தாதீங்க மாப்புள. அந்தக் கெணத்துத் தண்ணியில பருப்பு வேகுமா? நான் கல்யாணம் கட்டி வந்த மொத வாரமே தெரிஞ்சு போச்சு. எம்புட்டு எரிச்சாலும் பருப்பு கல்லாட்டம் கெடக்கு. அவரு கையெல்லாம் காயத்தோட வெட்டின கெணறு, அவருகிட்ட எப்புடிச் சொல்ல? சோறு, பருப்பு, தேத்தண்ணி, எல்லாம் இதுலதான். ஆறு புள்ளைய வளத்ததும் இதுலதான்."

"அம்மாவுக்கப்புறம் எனக்குத்தான் தெரியும்," பிலோமினா சொன்னா.

நான் அசந்து போயிட்டேன். ஒவ்வொரு நாளும் பருப்பத் தொட்டுக்கிட்டு மாமா சொல்லுவாரு: "மாப்புளே, இந்த ருசி எங்கருந்து வருது? தண்ணியிலருந்து!" சொல்லும்போது மாமி தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சோறு போடுவாங்க. வெக்கம்னு நெனச்சிருக்கேன்.

"அவருக்கு இது தெரிய வந்துச்சுன்னா," மாமி வெரல நீட்டினாங்க, "நீங்க இந்த வீட்டுல ஒரு வாய் சோறு திங்க முடியாது."

மழத் தண்ணியில சவுக்காரம் போத்தல் வாய் வரைக்கும் நுரைச்சுச்சு. கல்ல எல்லாம் வெளிய எடுத்தோம், கொறக்காவையும் எடுத்தோம். மாஸ்டர் கண்டிப்பாச் சொன்னாரு: "ஒரேயடியா மாத்திப்புடாதீங்க. காலையில ஒரு செம்பு எடுத்துட்டு ஒரு செம்பு மழத் தண்ணி, அந்திக்கு ஒரு செம்பு. மெதுவா. ரெண்டு கொட்டம்பா மரத்துச் சருகும் போடுங்க, ஓடையில கெடந்த மாதிரி இருக்கும். இந்தத் தடவ முழுசாக் கேட்டீங்களா?"

கேட்டேன். மூணு தரம் திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

செம்பு மாத்துறது சுளுவு. மாமா தொட்டிய விட்டு நகரணுமே! காலையிலயும் அந்தியிலயும் மாமி அவருக்கு ஒரு வேல கண்டுபுடிச்சாங்க. ஒரு நாள் யட்டவத்தைக்குப் போய்த் தேங்கா வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அடுத்த நாள் அந்தத் தேங்கா முத்தலன்னு திருப்பிக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழம ரெண்டு பூசைக்கும் அனுப்பினாங்க. "ஒங்க மாமிக்கு இந்த வாரம் என்னமோ பக்தி முத்திப்போச்சு மாப்புளே"ன்னு அவரே எங்கிட்டச் சொன்னாரு.

சாஞ்சு கெடந்த மீனு ரெண்டாவது நாள் நிமுந்துச்சு. நாலாவது நாள் கழுத்துப் பக்கம் லேசாச் செவப்பு. பெரிய கிளாக்கர் வர்ற அன்னைக்கு ஆறும் மூலைய விட்டு வெளிய வந்து, ஆண் மீனு ரெண்டும் செக்கச்செவேல்னு ஒண்ண ஒண்ணு தொரத்துதுங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. சத்தியமாச் சொல்றேன், என் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தப்பகூட அப்புடி இல்ல.

பெரிய கிளாக்கர் தொட்டிக்கு முன்னால குனிஞ்சவரு நிமுரவே இல்ல.

"தம்பி! எங்க வீட்டுலகூட இந்தச் செவப்பு வந்ததில்லயே! என்னய்யா பண்ணினே?"

நான் வாயத் தொறந்தேன். மாமா முந்திக்கிட்டாரு.

"அவரு என்னாங்கையா பண்ணுவாரு? தண்ணி! நான் வெட்டின கெணறு!" கையில கிளாஸோட நிக்கிறாரு. "குடிச்சுப் பாருங்க."

பெரிய கிளாக்கர் குடிச்சாரு. மாமா மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாரு.

"எப்புடி?"

"அருமையான தண்ணிங்க!"

அப்புறம் என் தோள்ல கைய வச்சாரு. "நானும் மகளும் பேரப்புள்ளையுமா இனி அடிக்கடி அங்கயும் இங்கயும் அலையணும். மீனு இங்கயே இருக்கட்டும். இன்னொரு தொட்டியும் அனுப்புறேன். இவ்வளவு நல்ல தண்ணிய விட்டுட்டு நீ குவாட்டர்ஸுக்கு வந்து என்ன செய்யப் போறே? அத ஸ்டோர் கிளாக்கருக்கே எழுதிர்றேன், பாவம், அவருக்கு வேற எடமில்ல."

ஒரு வார்த்தை போதும். தண்ணி கெணத்துது இல்லீங்கையா, பீப்பாவுதுன்னு சொன்னா போதும். திரும்பிப் பாத்தேன். அடுப்படி வாசல்ல மாமி அகப்பையோட நிக்கிறாங்க. இந்தப் பக்கம் மாமா, ஒலகத்தையே ஜெயிச்ச சிரிப்போட, வெறும் கிளாஸ ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு.

"ஆமாங்கையா," நான் சொன்னேன். "தண்ணி நல்ல தண்ணிதான்."

அந்த நல்ல தண்ணியிலதான் அடுத்த பதினோரு வருசமும் குளிச்சேன்.