நான்காவது துளை

மேன்மை தங்கிய கொள்முதல் அலுவலகத்தின் ஆணைப்படி, பள்ளிக்கூடங்களுக்காக என் பட்டறையில் பத்தாயிரம் மர உருண்டைகள் கடைந்தேன். வெள்ளை ஹைட்ரஜன், ஒரு துளை. சிவப்பு ஆக்சிஜன், இரண்டு. நீலம் நைட்ரஜன், மூன்று. கறுப்பு கார்பன், நான்கு. துளையில் குச்சி செருகினால் சர்க்கரை, கொழுப்பு, புரதம் எதையும் கட்டலாம். நான் அடிபட்டுப் படித்தவன். இதெல்லாம் பதினொன்றாவது படிக்கும் மகள் சொல்லித் தந்தது.

அலுவலகத்தில் அதிகாரி கறுப்பு உருண்டையை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இதுக்கு மட்டும் ஏன்யா நாலு?"

"கார்பனுக்கு நாலு கை சார்."

"யார் கொடுத்த அனுமதி? சிக்கன நடவடிக்கை நடக்குது. எனக்கே ஒரு உதவியாளர்தான். இந்தக் கரிக்கட்டைக்கு நாலு தொடர்பா? ரெண்டு போதும். இல்லேன்னா சரக்கைத் திருப்பி எடுத்துட்டுப் போ."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அத்தனையும் திரும்பி வந்தால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"நாலுக்குக் குறையாது சார்! புரதச் சங்கிலியில ஒவ்வொரு கண்ணியும் எந்த ரகம்னு காட்டுறதே நாலாவது கையில தொங்குறதுதானாம். அதை வெட்டினா எல்லாக் கண்ணியும் ஒரே மாதிரி ஆயிடும்னு என் பொண்ணு சொல்றா."

"ஒரே மாதிரியா? அதுக்குத்தானே இந்த அலுவலகம் முப்பது வருஷமா பாடுபடுது!"

சந்தையில் எத்தனை பேரைப் பார்த்தவன் நான்! விருட்டென்று எழுந்து வாசல்வரை போனேன். எதிர்பார்த்தபடி கூப்பிட்டார்.

"சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். மூணு."

நாலாவது துளையை மெழுகால் அடைத்து, ஒப்பந்தத்தில் 'இரு தரப்பும் மனமொப்பி' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். பாடநூல் குழு அவசரமாகக் கூடி, உருண்டைக்கேற்ப பாடத்தைத் திருத்தியது: 'கார்பனுக்கு மூன்று பிணைப்புகள். நான்காவது அரசின் பரிசீலனையில் உள்ளது.' ரெண்டில் நின்றவனை மூணுக்கு ஏற்றிய கதையைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பரீட்சை வந்தது. கார்பனுக்கு எத்தனை பிணைப்புகள், படம் வரைந்து விளக்குக, நாலு மதிப்பெண். மகள் நாலு என்று எழுதிச் சைபர் வாங்கி வந்தாள். அதே காலோடு பள்ளிக்குப் பாய்ந்தேன்.

"டீச்சர், இது அநியாயம்!"

"எனக்குத் தெரியாதாங்க? நானும் நாலுன்னு படிச்சவதான்" என்று அந்த அம்மா ஒரு சுற்றறிக்கையை நீட்டினார். அடியில் 'இரு தரப்பும் மனமொப்பி' என்று என் கையெழுத்து பல்லை இளித்தது.

சுற்றறிக்கையை அவர் பக்கமே தள்ளினேன்.

"அது கிடக்கட்டும். நாலு மதிப்பெண் போடுங்க."

"ரெண்டு போடறேன்."

எழுந்து வாசல்வரை போனேன். கூப்பிட்டார். மூன்றில் முடிந்தது.

வீட்டுக்கு வந்தால் மகள் ஊக்கால் ஒரு உருண்டையின் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தனைப்பா?"

"மூணு! நான் போகலேன்னா சைபர்தான்."

அவள் வாசலைக் காட்டினாள். விடைத்தாளும் கையுமாக நாற்பது பெற்றோர் என் பின்னாலேயே வந்து நின்றார்கள். வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் மெழுகைச் சுரண்டிப் பார்த்து நாலு என்றே எழுதியிருந்தார்களாம். நாற்பது பேரில் ஒருவர்கூட நாலு கேட்கவில்லை.

"அண்ணே, எங்களுக்கும் எப்படியாவது ஒரு மூணு வாங்கிக் குடுங்கண்ணே!"