ரப்பர் தோட்டத்தில் ருமேனியக் கையுறை

வெளிநாட்டிலிருந்து அன்போடு வரும் பொருள்களுக்கு நம் ஊர் வெயில் தெரியாது. அக்கா ருமேனியாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே பனி. எனக்கு அவர் அனுப்பியது கறுப்புத் தோலில் ஒரு சோடி குளிர்காலக் கையுறை. விரல் நுனியில் மட்டும் சாம்பல் நிறத் துணி.

"கழட்டாமலே போன் தட்டலாம்டா தம்பி. பொண்ணு பாக்கப் போறப்ப போட்டுக்க. வீடியோவுல நான் பாக்கணும்."

இலங்கையில், எங்கள் தெஹியோவிட்டயில் வேர்த்துக் கொட்டும் மாதம் அது. (வேர்க்காத மாதம் எங்களுக்குக் கிடையாது.) ஆனால் அக்கா சரி என்று சொல்லாமல் எங்கள் வீட்டில் கல்யாணம் இல்லை. போட்டுக்கொண்டேன்.

பெண் வீடு புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மாவோடு பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டில் ஏறும்போது, கையுறை தெரிகிற மாதிரி ஒரு மரத்தில் கையூன்றி செல்ஃபி எடுத்தேன். அன்று காலை பால் வெட்டிய மரம். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் செய்கிற காரியமா இது? விரலெல்லாம் பால். மற்றக் கையால் துடைத்தேன். இப்போது இரண்டு கையிலும் பால். வீட்டை அடைவதற்குள் காய்ந்து ரப்பர் தோலாகிவிட்டது.

பெண் சுகந்தி தேநீர் கொடுத்தாள். அம்மா போனைத் தட்டி வீடியோவில் அக்காவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் தந்தார். எல்லோரும் பேசினார்கள். பெண் வீட்டில் வைத்து முடிவு சொல்லும் பழக்கம் எங்களிடம் இல்லை. 'வீட்டுக்குப் போயி தகவல் அனுப்புறோம்' என்று எழுந்துவிட வேண்டும். அக்காவுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

"தம்பி, போனத் தூக்கிட்டு வெளிய வா."

இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்து ஸ்பீக்கரை அமர்த்தத் தட்டினேன். அசையவில்லை. ரப்பர் மூடிய விரல் திரைக்கு வெறும் கட்டை. கையுறையைப் பல்லால் இழுத்தேன். உள்ளே வியர்வை, வரவில்லை.

"ஸ்பீக்கர அமத்திட்டியா? பொண்ணு தங்கம்டா. மூஞ்சில அறிவு தெரியுது, ஒனக்கும் சேத்து. கொறட்டை விடுறதப் பத்தி மூச்சு விடாத. முந்தி ரெண்டு எடத்துல ஒன்னைய வேணாம்னு சொன்னதையும் சொல்லிறாத!"

போனை வயிற்றோடு அழுத்தினேன். இப்போது குரல் என் வயிற்றிலிருந்து வந்தது. வீட்டுக்குள்ளே ஒரு கோப்பைச் சத்தம்கூட இல்லை. மூன்றாவது இடமும் போயிற்று என்று நின்றேன்.

சுகந்தி வெளியே வந்தாள். என் கையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள்.

"பால் வெட்டுன மரத்தையா புடிச்சீங்க?"

தலையாட்டினேன். அவள் போனுக்குக் குனிந்தாள்.

"ஸ்பீக்கர் அமத்தல அண்ணி. எல்லாம் கேட்டுச்சு. அப்புறமா பேசுவோம், வச்சிரவா?"

ஒரு விரலால் தட்டினாள். அடங்கிற்று. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அம்மாவோ உள்ளே வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில்தான் விளக்கினார்: "மரமண்டை! புடிக்காதவ 'அக்கா'ன்னுட்டு போயிருப்பா. புருசனோட அக்காவ கூப்புடுற மாதிரி அண்ணின்னு கூப்புட்டா. நீ என்னத்த கேட்ட?"

இன்றும் எங்கள் சொந்தத்தில் யார் பெண் பார்க்கக் கிளம்பினாலும், அம்மா வாசலில் மறித்து, "எங்க, கைய காட்டு" என்கிறார். மாப்பிள்ளைப் பையன்கள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள்.