‘நன்றி’ என்று முடிந்த மெயில்

உலகம் இன்னும் அழியாமல் இருப்பதற்கு ஒரே காரணம், எங்கோ சிலர் எதையும் கிளிக் செய்யாமல் உட்கார்ந்திருப்பதுதான். அந்தச் சிலரில் முதல் ஆள், பூட்டு என்பவர்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. இது அலுவலகம் வைத்தது. வாஷிங் மெஷின் செய்யும் நிறுவனம் அது. அதில் அவர் மின்னஞ்சல் விழிப்புப் பிரிவின் தற்காலிகத் தலைவர். பிரிவில் இருந்தது அவர் ஒருவர்தான். தலைவரும் அவரே, தொண்டரும் அவரே. கதவுப் பலகையில் ‘தற்காலிக’ என்ற சொல் மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. பெயின்டரின் கைவண்ணம். தினமும் காலையில் பூட்டு அதைப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். உள்ளே போவார்.

எம்.டி. வாக்குக் கொடுத்திருந்தார்.

“இந்த வருஷம் முடியற வரைக்கும் நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட மோசடி மெயில்ல கிளிக் பண்ணலைன்னா, அந்த வார்த்தையைச் சுரண்டிடலாம்.”

வருஷம் முடிய ஒரு வாரம் இருந்தது. கிளிக் பூஜ்யம்.

இந்தப் பூஜ்யம் வானத்திலிருந்து குதித்ததல்ல. முந்தைய வருடம் முழுக்கப் பூட்டு தன் கையாலேயே போலி மெயில்கள் எழுதி ஊழியர்களுக்கு அனுப்பினார். ‘உங்களுக்குப் பதவி உயர்வு. விவரத்துக்கு இங்கே தொடவும்.’ தொட்டவர்கள் விடுமுறை நாளில் வகுப்புக்கு வர வேண்டும். வகுப்பு எடுப்பவரும் பூட்டு. ஒரு முறை உட்கார்ந்தவர்கள் மறுமுறை தொட்டதில்லை.

பயிற்சி பலித்தது. அக்கவுண்டன்ட் தனக்கு உண்மையாகவே வந்த பதவி உயர்வு மெயிலை அழித்துவிட்டுப் பழைய நாற்காலியிலேயே நீடித்தார். விற்பனை மேலாளர் தங்கை அனுப்பிய கல்யாணப் பத்திரிகையைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை. தங்கை இன்றுவரை பேசுவதில்லை. அவருக்குக் கேடயம் தந்தார்கள். எம்.டி. இன்னும் ஒரு படி மேலே. அவர் எந்த மெயிலையுமே திறப்பதில்லை. இதற்கு ‘முன்னுதாரணம்’ என்று பெயர்.

ஊழியர்கள் எல்லோரும் கம்பெனி மெஷினைத்தான் வாங்க வேண்டும் என்பது அங்கே விதி. எனவே அவர்கள் வீடுகளும் வாடிக்கையாளர் பட்டியலில் இருந்தன. எனவே பூட்டு இன்னொரு விதி எழுதினார்: ‘வீட்டார் கிளிக்கும் ஊழியர் கிளிக்கே.’ சட்டம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை, வாடிக்கையாளர் அனைவருக்கும் கம்பெனி பெயரில் ஒரு மெயில் போயிருந்தது.

‘வணக்கம். எங்கள் மெஷின் உங்கள் வீட்டில் நன்றாக ஓடுகிறதா? தொந்தரவு உண்டா? உண்டென்றால் என்ன? இந்த மூன்று கேள்விகளுக்கும் கீழே பதில் எழுதுங்கள். ஆள் அனுப்புகிறோம். நன்றி.’

கீழே ஒரு லிங்க்.

பூட்டு கையுறை மாட்டிக்கொண்டு, மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்து, பிரின்ட் எடுத்தார். அரை மணி நேரத்தில் ‘அவசர மெய்மை ஆய்வுக் குழு’ கூடியது. பூட்டு, வக்கீல், அக்கவுண்டன்ட், விற்பனை மேலாளர். காகிதம் மேசை நடுவில் கிடந்தது. நால்வரும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

“கார்டு நம்பர் கேக்கறானா?” என்றார் வக்கீல்.

“இல்லை,” என்றார் பூட்டு.

“பாஸ்வேர்டு?”

“இல்லை.”

“இன்னைக்கே செய்யலைன்னா அவ்வளவுதான்னு மிரட்டல்?”

“இல்லை. அது நம்ம தவணை மெயில்ல வர்றது.”

“பரிசு கிரிசு?”

“கிடையாது.”

“எழுத்துப்பிழை?”

“ஒண்ணுகூட இல்லை.”

“அனுப்பின அட்ரஸ்?”

“நம்மளோடது. எழுத்துக்கு எழுத்து.”

“அப்ப அசல்தானே?” என்றார் விற்பனை மேலாளர்.

பூட்டு அவரை இரக்கத்தோடு பார்த்தார். “போலிக்குப் பத்து அடையாளம்னு நான் பாடம் நடத்தறேன். இதுல ஒண்ணுகூட இல்லை. என் பாடத்தைக் கரைச்சுக் குடிச்சவன்தான் இப்படி எழுத முடியும்.”

அறை சிலிர்த்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே வெளிச்சமே பேயாகத் தெரிந்தது. அறிவு வளர்ந்தால் இந்த நிலை சித்திக்கும்.

அக்கவுண்டன்ட் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காகிதத்தின் மேல் குனிந்தார். “கடைசி வார்த்தையைப் பாருங்க.”

‘நன்றி.’

“நம்ம கம்பெனி யாருக்காவது நன்றி சொல்லியிருக்கா?”

“சொன்னதில்லை,” என்றார் வக்கீல். “சொன்னா அவங்க நமக்கு ஏதோ செஞ்சதா ஆயிடும். எல்லா மெயில்லேர்ந்தும் அந்த வார்த்தையை நானே எடுத்துட்டேன்.”

“‘தொந்தரவு உண்டா’ன்னு வேற கேக்கறான். நம்ம மெஷின்ல தொந்தரவா?”

“நம்ம பாஷையில அந்தச் சொல்லே கிடையாது,” என்றார் வக்கீல். “‘அனுபவ வேறுபாடு.’”

“தண்ணி ஒழுகினா?”

“‘கூடுதல் ஈரப்பதம்.’”

“அப்புறம் பாருங்க,” பூட்டின் குரல் தாழ்ந்தது. “‘ஆள் அனுப்புகிறோம்.’”

வக்கீல் சிரிக்க ஆரம்பித்தார். அக்கவுண்டன்டும் சேர்ந்துகொண்டார். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. விற்பனை மேலாளர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

“திருடன் இங்கதான் மாட்டினான்,” என்றார் வக்கீல், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“எதுக்கும் புகார் பிரிவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே,” என்றார் விற்பனை மேலாளர்.

போட்டார்கள். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது’ என்றது ஒரு குரல். பிறகு வீணை. டீ வந்தது. டீ முடிந்தது. வீணை முடியவில்லை. புகார் பிரிவு நேர் கீழ்மாடியில் இருந்தது. அங்கே போன் அடிப்பது தரை வழியாக இவர்களுக்கே கேட்டது.

“இறங்கிப் போய்க் கேட்டா என்ன?” என்றார் விற்பனை மேலாளர்.

“நேர்ல வர்றவங்களைப் பாக்கறதில்லைன்னு வாசல்ல போர்டு இருக்கு,” என்றார் வக்கீல். “நான்தான் வெச்சேன்.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: மெயில் போலி. வாடிக்கையாளர்களைக் காப்பது கடமை. அன்று மாலையே எல்லோருக்கும் எச்சரிக்கை அச்சாகித் தபாலில் போனது. மெயிலில் அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள் என்பது குழுவுக்குத் தெரியும். வாசகம் பூட்டுடையது:

‘எச்சரிக்கை. எங்கள் பெயரில் யாரேனும் உங்கள் குறைகளைக் கேட்டால் நம்பாதீர்கள். எங்கள் நிறுவனம் ஒருபோதும் உங்கள் கருத்தைக் கேட்பதில்லை. ஆள் அனுப்புவதாக எவர் சொன்னாலும் அவர் எங்களைச் சேர்ந்தவர் அல்லர்.’

இரண்டு நாள் கழித்துப் பூட்டு வீட்டுக்குப் போனபோது குளியலறை வாசலில் தரை உலர்ந்திருந்தது. அவர் பழக்கத்தில் தாண்டிக் குதித்தார். குதித்த பிறகுதான் தாண்ட ஒன்றுமில்லை என்று தெரிந்தது. மெஷின் வந்த நாள் முதல் அங்கே கூடுதல் ஈரப்பதம்.

“ஈரம் எங்கே?” என்றார்.

“போயிடுச்சு,” என்றாள் மனைவி. துணியை மடித்துக்கொண்டிருந்தாள். “ஆள் வந்து சரி பண்ணிட்டுப் போனான்.”

“எந்த ஆள்?”

“உங்க கம்பெனி ஆள்தாங்க. மெஷின் என் பேர்லதானே இருக்கு. தொந்தரவு உண்டான்னு எனக்கு ஒரு மெயில் வந்துச்சு. மூணு கேள்வின்னு போட்டிருந்தாங்க. நான் ஒரு பக்கத்துக்கு எழுதிட்டேன். ரொம்ப நாளா மனசுலயே இருந்துச்சுல்ல.”

“கிளிக் பண்ணினியா?”

“பண்ணாம எப்படி எழுதறது?”

“வந்தவன் அடையாளம் காட்டினானா?”

“கம்பெனி சட்டைதான்.”

“சட்டை யார் வேணும்னாலும் தெச்சுக்கலாம். எத்தனை மணிக்கு வர்றேன்னான்?”

“பத்து மணின்னான்.”

“எத்தனை மணிக்கு வந்தான்?”

“பத்து மணிக்கு.”

பூட்டு உட்கார்ந்துவிட்டார். “அவன் நம்ம ஆள் இல்லடி.”

“செருப்பை வெளியே விட்டுட்டு வந்தான். குழாயை மாத்தினான். சிந்தின தண்ணியைத் துடைச்சான். காசு வேண்டாம்னுட்டான்.”

“போதும். மேல மேல சொல்லாதே. எல்லாமே நமக்கு எதிரான சாட்சி.”

“ஏங்க, ஏமாத்துறவன் இவ்வளவு நல்லாப் பண்ணான்னா, உங்க வேலையை அவன்கிட்டயே குடுத்துடலாமே,” என்றாள் அவள். “எங்க அண்ணன் சரியாத்தான் சொன்னான். மாப்பிள்ளை கம்பெனி மெஷினுக்கு, மாப்பிள்ளை தோய்ச்சாலே தேவலாம்னு.”

பூட்டு திருடனுக்குத் தேள் கொட்டியது போல் வாயை மூடிக்கொண்டு படுத்தார். வருடம் முழுக்கக் காத்த பூஜ்யம், தன் வீட்டுக் குளியலறையில் உடைந்து கிடந்தது.

மறுநாள் காலை, கீழ்மாடியிலிருந்து ஒரு பெண்மணி படியேறி வந்தார். புகார் பிரிவுக்குப் புதிதாக வந்த மேலாளர். எல்லோரும் புகார் மேடம் என்பார்கள். போன் எடுக்கக் கூடாது, நேரில் பார்க்கக் கூடாது என்ற விதிகளைப் படித்துவிட்டு, மெயில் அனுப்பக் கூடாது என்று எங்கும் இல்லை என்பதை அவர் கண்டுபிடித்திருந்தார்.

“சார், அந்த மெயில் நான் அனுப்பினது,” என்றார். “நீங்க ஊர் பூரா எச்சரிக்கை அனுப்பியிருக்கீங்க.”

“எங்ககிட்ட அனுமதி கேக்கலையே மேடம்.”

“கேட்டேனே. உங்களுக்கு மெயில் போட்டேன். எம்.டி.க்கும் போட்டேன்.”

“லிங்க் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“பின்னே எப்படித் திறப்போம்?”

மேடம் யோசித்தார். அதில் ஒரு நியாயம் இருப்பது போலவே இருந்தது. அந்த அலுவலகத்தில் கொஞ்ச நாள் இருந்தால் அப்படித்தான்.

“மொத்தமே ஒரு பதில்தான் வந்துச்சு சார். உடனே ஆள் அனுப்பிட்டேன். உங்க வீடு.”

பூட்டு எழுந்து கதவைச் சாத்தினார். அவர் நிலை இருதலைக்கொள்ளி எறும்பு. மெயில் அசல் என்றால், அசலைப் போலி என்று ஊருக்கெல்லாம் கடிதம் எழுதியவர் அவர். போலி என்றால், அதில் விழுந்த ஒரே குடும்பம் அவருடையது. எந்தப் பக்கம் போனாலும் ‘தற்காலிக’ பலகையிலேயே தங்கிவிடும்.

விஷயம் எம்.டி.யிடம் போனது. மேடம், பூட்டு, வக்கீல் மூவரும் அவர் அறையில் கூடினார்கள். பெரிய மனிதர்கள் பெரிய மனிதர்களாக இருப்பது சும்மா இல்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தொண்டையைச் செருமினார்.

“மெயில் போலிதான் சார். இந்தம்மா பண்ணினது ஆள்மாறாட்டம்.”

“நான் யாரா மாறினேன்?” என்றார் மேடம்.

“அக்கறையுள்ள கம்பெனியா.”

மேடம் சிரித்துவிட்டார். அதுவும் குற்றப்பத்திரிகையில் சேர்ந்தது.

“அப்ப இவர் வீட்டம்மா பண்ணின கிளிக்?” என்றார் எம்.டி.

வக்கீல் அதற்கும் தயாராக இருந்தார். “கம்பெனி அட்ரஸ்லேர்ந்து வந்ததால கிளிக் ஆகாது சார். ‘தொடுகை’ன்னு வெச்சுக்கலாம்.”

பூஜ்யம் பிழைத்தது. இந்தத் தீர்ப்பில் பூட்டும் கையெழுத்துப் போட்டார். வருஷம் முடியக் காத்திராமல் அன்று மதியமே பெயின்டர் வந்து ‘தற்காலிக’வைச் சுரண்டினார். புகார் மேடத்தை, எதை எழுதினாலும் யாரும் படிக்காத இடத்துக்கு மாற்றினார்கள். உத்தரவாத அட்டை எழுதும் பிரிவு.

ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள் ஓர் அதிசயம் நடந்தது. வாடிக்கையாளர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. பை பையாக. எச்சரிக்கையைப் படித்துவிட்டு எழுதியிருந்தார்கள். மேலோட்டமாகப் புரட்டிய அக்கவுண்டன்ட், ‘நன்றி’, ‘நம்பிக்கை’ என்ற சொற்களைக் கண்டு மிரண்டு எம்.டி.யிடம் ஓடினார். கம்பெனி தொடங்கிய நாள் முதல் யாரும் பாராட்டி எழுதியதில்லை. எம்.டி.க்குக் கண் கலங்கியது.

“ஒண்ணை எடுத்து மேடையில படிங்க. முழுசா.”

கடிதங்கள் புகார் பிரிவு முகவரிக்கு வந்திருந்ததால் புகார் மேடமே படிக்க வேண்டியதாயிற்று. மாற்றல் விழாவுக்கு மறுநாள் முதல்தான். விழாவில் பூட்டு முதல் வரிசையில், எம்.டி. பக்கத்தில், கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். மனைவியும் வந்திருந்தாள். மேடம் மைக் முன்னால் நின்று ஒரு கடிதத்தைப் பிரித்தார்.

“‘ஐயா, உங்கள் எச்சரிக்கைக்கு நன்றி. உங்கள் விளம்பரத்தை நான் நம்பியதில்லை. மெஷின் பத்து வருடம் உழைக்கும் என்றீர்கள், நம்பவில்லை. ஆள் வருகிறான் வருகிறான் என்றீர்கள், முதல் மாதத்துக்குப் பிறகு நம்பவில்லை. போன வாரம் உங்கள் பெயரில், தொந்தரவு உண்டா என்று அன்பாக ஒரு மெயில் வந்தது. பார்த்ததுமே எவனோ மோசடிக்காரன் என்று அழித்துவிட்டேன்.’”

எம்.டி. பூட்டின் தோளைத் தட்டினார்.

“‘பிறகு உங்கள் கடிதம் வந்தது. கருத்துக் கேட்க மாட்டோம், ஆள் அனுப்ப மாட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பொட்டுச் சந்தேகமும் வரவில்லை. இது நீங்களேதான்.’”

மண்டபத்தில் எல்லோரும் எம்.டி. முகத்தைப் பார்த்தார்கள்.

“கைதட்டுங்க,” என்றார் எம்.டி. “நம்மை எவ்வளவு சரியாப் புரிஞ்சு வெச்சிருக்காங்க.”