வெள்ளை போர்டு மாமன் மகன்

உறவு பிறப்பால் வரும், கல்யாணத்தால் வரும். எங்கள் வீட்டுக்கு ஓர் உறவு நம்பர் பிளேட்டால் வந்தது. அதைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான்தான் என்பதால், எந்த விசேஷத்திலும் அந்தக் கதையைச் சொல்லி முடிக்காமல் எனக்கு இலை போடமாட்டார்கள்.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஐ.டி. அலுவலகத்தில் ஊழியர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் வேலையில் இருந்தேன். வேலை சின்னது, நடை மட்டும் பெரிய அதிகாரியுடையது. லிஃப்ட் பக்கத்தில் நானே எழுதி ஒட்டிய அறிவிப்பு ஒன்று உண்டு. வாடகைக்குப் போவதென்றால் மஞ்சள் நம்பர் பிளேட் வண்டியில் மட்டும் ஏறவும், பெர்மிட்டையும் இன்சூரன்ஸையும் கேட்டுப் பார்க்கவும், வெள்ளை பிளேட் வண்டி சொந்த உபயோகத்துக்கு மட்டுமே, அதை வாடகைக்கு விடுவது குற்றம் என்று அதில் இருக்கும். அடியில் என் பெயரும் கையெழுத்தும். (கையெழுத்து போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் தங்கை சுமதிக்குக் கல்யாணம் கூடி வந்தது. மண்டபம் பூந்தமல்லியில். மாப்பிள்ளை செந்தில் வீட்டார் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து அம்பத்தூரில் பிளாட் வாங்கிக் குடியேறியவர்கள். அத்தனை கல்யாண வேலைகளில் அப்பா என்னை நம்பி ஒப்படைத்தது ஒன்றைத்தான். முதல் நாள் மாலை நான் போய் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, அவரையும் அவருடைய அப்பா அம்மாவையும் நல்ல நேரத்துக்குள் காரில் மண்டபத்துக்கு அழைத்து வரவேண்டும். வண்டி சமாசாரம் உனக்குத் தெரியாததா என்று அப்பா சொன்னபோது நான் அரை அங்குலம் வளர்ந்துவிட்டது போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். அதையும் இதையும் பேசிவிட்டு, "தம்பி, வாரது நம்ம காருதானா?" என்று கேட்டார்.

அந்தஸ்தை எடை போடுகிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். "ஆமா மாமா, நம்ம கார்தான்" என்றேன். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சக்கரம் வைத்த பொருட்கள் இரண்டு. ஒன்று அப்பாவின் சைக்கிள், இன்னொன்று கேஸ் சிலிண்டர் நிற்கும் ஸ்டாண்டு.

சொந்தக் கார் என்று சொன்ன பிறகு மஞ்சள் பிளேட் வந்து நின்றால் என்ன ஆகும்? அதனால் அறிவிப்பு எழுதிய அதே கைதான் வெள்ளை போர்டு வண்டிக்காக நண்பன் ஒருவனுக்கு போன் போட்டது. அவன் ஒரு நம்பர் கொடுத்தான். பெயர் கேட்கத் தோன்றவில்லை. "ஒயிட் போர்டு" என்று போனில் பதிந்துகொண்டேன்.

அழைப்பு நாளன்று மாலை ஆள் வந்து இறங்கியபோது வண்டியைவிட அவர்தான் பெரிதாகத் தெரிந்தார். ஆறடிக்கு மேல் உயரம், கன்னம் வரை மீசை. பூ அலங்காரத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

"நைனா, வழில எவனாச்சும் நிப்பாட்டுனா, இவரு எங்க மாமா பையன்னு சொல்லிடு. வேற ஒண்ணியும் பேசாத. மத்தத நான் பாத்துக்கறேன்."

வெள்ளை போர்டுக்காரர்கள் எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. எங்கள் அலுவலகத்தில் இதைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை நானே எச்சரித்திருக்கிறேன். அன்று மட்டும் அது எனக்கு நல்ல ஏற்பாடாகத் தோன்றியது.

அழைப்பு நன்றாகத்தான் தொடங்கியது. மாலை போட்டேன், சந்தனம் கொடுத்தேன். மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாகப் பின்சீட்டில் அப்பா அம்மாவுக்கு நடுவே உட்கார்ந்தார். நான் முன்னால் ஒரு ஜமீன்தார் தோரணையில் சாய்ந்துகொண்டேன். வானகரம் தாண்டி வேலப்பன்சாவடியில் குழாய் வேலைக்காகச் சாலையைக் குறுக்கியிருந்தார்கள். வண்டி ஊர்ந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு ஜீப் நின்றது. பக்கத்தில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் அம்மா ஒருவர். பூ வைத்த வெள்ளை பிளேட்டைப் பார்த்ததும் ஓரங்கட்டச் சொல்லிக் கை காட்டினார்.

என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கச் சொல்லி, ஓட்டுபவர் எனக்கு என்ன உறவு என்று கேட்டார். மாமா பையன் என்றேன். குரல் கணீரென்றுதான் வந்தது.

"அப்படியா. பேர் என்ன?"

ஒயிட் போர்டு என்பதைத் தவிர எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. "வீட்ல எல்லாரும் குட்டின்னுதான் மேடம் கூப்பிடுவோம்" என்றேன்.

அந்த அம்மா குனிந்து, ஸ்டியரிங்குக்கும் கூரைக்கும் இடையில் மடங்கி உட்கார்ந்திருந்த அந்த உருவத்தைப் பார்த்தார். "ஆமா மேடம், குட்டி" என்று அவரும் விசுவாசமாகத் தலையாட்டினார். லைசென்ஸில் தனசேகரன் என்று இருந்தது. மணப்பெண்ணின் பெயர் என்ன என்று அவரிடம் கேட்டதற்கு, பாப்பா என்று சொல்லிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. என்னை மட்டும் கீழே இறங்கச் சொல்லி, "மாப்பிள்ளையை ஏத்திட்டுப் போறீங்க. வழியில ஒண்ணு ஆனா இன்சூரன்ஸ்ல யாருக்கு என்ன கிடைக்கும்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டார். அதற்கான பதிலை நானே எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். பிறகு கார் சாவியை வாங்கி ஜீப்பில் வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வண்டி எங்கள் அலுவலகத்துக்குப் போகும், நீங்கள் வேறு வண்டி பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஏதோ ஒரு காகிதம் குறைகிறதாம் என்று பின்சீட்டில் சொல்லி இறக்கினேன். அந்த நெரிசலில் கால் டாக்சி எதுவும் வருவதாக இல்லை. நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. உள்ளே ஏற்கெனவே இரண்டு கல்லூரிப் பெண்களும் மடியில் முட்டை அட்டை வைத்திருந்த ஒருவரும் இருந்தார்கள். மாப்பிள்ளை ஏறினார், மாலை முட்டைக்காரர் மேல் விழாமல் பிடித்துக்கொண்டார். நான் தனசேகரனிடம் விடைபெறப் போனபோது மாப்பிள்ளையின் அப்பா தடுத்துவிட்டார்.

"மாமன் மகனை நடுரோட்டுலயா விட்டுட்டுப் போறது? ஏறச் சொல்லு தம்பி."

தனசேகரனும் ஏறினார். ஆட்டோ ஒரு பக்கம் சாய்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். மாமன் மகன்னா சுமதிக்கு முறை மாப்பிள்ளைல்லா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு இது உறைக்கவே இல்லை. சித்தப்பா பையன் என்றோ பெரியப்பா பையன் என்றோ சொல்லியிருந்தால் போயிருக்கும். பெண்ணுக்கு உரிமைப்பட்டவனையே சாரதியாக்கி, அவன் வண்டியிலேயே வேறு மாப்பிள்ளையை ஏற்றிவந்திருக்கிறேன். அவருக்கு ஏன் பெண் கொடுக்கவில்லை என்று பெரியவர் அடுத்துக் கேட்டதும், அவருக்கு எப்போதோ கல்யாணம் ஆகிவிட்டது என்று அவசரமாக அவிழ்த்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா தனசேகரனிடம் பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார்.

"எங்கேம்மா, இன்னும் பொண்ணே அமையல" என்றார் அவர், மீசையைத் தடவிக்கொண்டு.

கல்லூரிப் பெண்களில் ஒருத்தி காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டாள். மாப்பிள்ளை தனசேகரனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக என்னிடம், "சுமதி இவரைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்றார்.

ஒன்றும் அறியாமல் சுமதி மண்டபத்தில் அலங்காரம் செய்துகொண்டிருக்கிறாள். என் வெட்டிப் பெருமை அவள் வாழ்க்கையில் போய் இடிக்கப்போகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இவர் எங்களுக்கு எந்த உறவும் இல்லை, பெயரே இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் தெரியும், கார் வாடகைக் கார், நம்ம கார் என்று சொன்னது பச்சைப் பொய், சுமதிக்கு எதுவும் தெரியாது.

குமணன்சாவடி தாண்டும்வரை பெரியவர் தனசேகரனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "கார் நம்மதானான்னு எதுக்குக் கேட்டேன்னு நெனச்ச?" என்றார். நான் விழித்தேன். "வாடகைக் காருன்னா வேண்டாம், நாங்களே ஒரு ஆட்டோவைப் பிடிச்சு வந்துருதோம்னு சொல்லத்தாம்ல கேட்டேன்."

முதலில் சிரித்தது முட்டைக்காரர். அடுத்து மாப்பிள்ளை. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மண்டப வாசலில் பேண்டு வாத்தியம் தயாராக நின்றது. பூ வைத்த காரை எதிர்பார்த்துக் காத்திருந்த பேண்டு மாஸ்டர் எங்கள் ஆட்டோவைப் பார்த்துக் கையை வீசினார். "யோவ், ஓரமா போய்யா, மாப்ள கார் வர நேரம்." மாப்பிள்ளை மாலையோடு இறங்கியதைப் பார்த்த பிறகுதான் கிளாரினெட் வாய்க்குப் போனது.

பெரியவர் என்னைத் திட்டவே இல்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தார். தனசேகரனைக் கையோடு அழைத்துப் போய் எல்லோரிடமும் "பொண்ணுக்கு மாமன் மகன்" என்று அறிமுகப்படுத்தினார். அப்பா அவரை அம்மா வழி என்று நினைத்துக் கும்பிட்டார், அம்மா அப்பா வழி என்று நினைத்துக் காபி கொடுத்தாள். அவரும் முதல் பந்தியில் சாப்பிட்டு, மேடையேறிக் குடும்பப் படத்தில் நடுவில் நின்றார். (உயரம் காரணமாக நான் அவருக்குப் பின்னால் மறைந்துபோனேன். ஆல்பத்தில் என் காது மட்டும் இருக்கிறது.)

அபராதம் கட்டி வண்டியை மீட்ட பிறகு தனசேகரன் முறைப்படி பெர்மிட் வாங்கி மஞ்சள் பிளேட்டுக்கு மாறிவிட்டார். எங்கள் வீட்டில் காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் அவருக்குப் பத்திரிகை போகும். செந்திலோடு சண்டை வந்தால் சுமதி, "பேசாம முறை மாப்பிள்ளையையே கட்டியிருக்கலாம், கார்லயாவது போயிருப்பேன்" என்பாள்.

போன வருஷம் எனக்குக் கல்யாணம். எல்லாம் முடிந்து நானும் மனைவியும் வீட்டுக்குப் புறப்பட மண்டப வாசலுக்கு வந்தோம். பூ வைத்த கார் நின்றது, பூ ஒன்றுகூடப் படாமல் மஞ்சள் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. தனசேகரன் பட்டு வேட்டியில் கதவைத் திறந்து பிடித்திருந்தார். என் மாமனார் என் காதருகே வந்து, "மாப்ள, இது நம்ம காருங்களா?" என்று கேட்டார்.

"டாக்சிதான் மாமா" என்றேன். "டிரைவர்தான் நம்ம சொந்தம்."